செங்கோட்டை, நேஷனல் மியூசியம், ரயில் மியூசியம்: டெல்லியில் ஒரே நாளில் முடியுமா?

கிள்ளான்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவிலிருந்து வேலைக்காக டெல்லிக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது, வீடு மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில். இத்தனை நாளில் ஒரு மியூசியத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒருமுறை கிளம்பினோம், மகளுக்குப் பள்ளி விடுமுறை, ஜன்பத்தில் ஆட்டோவை விட்டு இறங்கினால் கேட் பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "மண்டே ஹை" என்றார், திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறையாம். ஆட்டோக்காரருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும், ஏறும்போதே சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், பிப்ரவரி இரண்டாவது வாரம் அப்பா கிள்ளானிலிருந்து வருகிறார். வயது 72, முழங்கால் வலி உண்டு, ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஐந்து நாள்தான் இருப்பார், அதில் ஆக்ரா, மலை மந்திர் முருகன் கோயில் எல்லாம் போக, மியூசியத்துக்கென்று சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அப்பாவுக்குச் செங்கோட்டையில் இருக்கிற ஐ.என்.ஏ. மியூசியத்தை, அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கான மியூசியத்தைப் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் தாத்தா மலேசியாவில் பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினவர், 1943-ல் நேதாஜி படையில் சேர்ந்து பர்மா வரைக்கும் போய்த் திரும்பினவர். எனக்கு நேஷனல் மியூசியத்துச் சோழர் சிலைகளைப் பார்க்க ஆசை. மகளுக்கு 9 வயது, அவளுக்கு ரயில்.

என் திட்டம்: காலை 9.30-க்குச் செங்கோட்டை, 11.30-க்கு நேஷனல் மியூசியம், 2 மணிக்கு இந்தியா கேட் பக்கத்திலுள்ள ஓவியக் கூடம், 3.30-க்குச் சாணக்கியபுரி ரயில் மியூசியம். நடக்குமா? எந்த வரிசையில் போனால் நல்லது? இன்னொன்று, நாங்கள் மூன்று பேரும் மலேசிய பாஸ்போர்ட். முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், இந்தியர் டிக்கெட்டே எடுத்துக்கொள் என்று ஆபீசில் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

ஆர்கேபுரம்_மாமி:

தம்பி, உங்கள் திட்டத்தைப் படித்ததும் எனக்கே முழங்கால் வலிக்கிறது. 1986-லிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், 72 வயதுக்காரரை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு. மூன்றாவது உங்கள் மகளுக்காகப் பார்க்கலாம், நாலாவது கிடையாது.

செங்கோட்டை என்றால் ஏதோ ஒரு கட்டடம், போனோம் வந்தோம் என்று நினைக்காதீர்கள். சோதனை வரிசை ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டி லாகோரி வாசல், அதைத் தாண்டி இரண்டு பக்கமும் வளையல் கடையும் பொம்மைக் கடையுமாக ஒரு நீளமான கூரை பாவிய தெரு, அங்கே உங்கள் மகள் அரை மணி நேரம் நிற்பாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் வெட்டவெளி, அதற்கப்புறம்தான் மியூசியம் இருக்கிற பாரக்குகள், பழைய சிப்பாய்க் குடியிருப்புகள். அப்பா ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலிலேயே கேளுங்கள். "எனக்கெதுக்கு" என்பார். என் மாமனாரும் அப்படித்தான் சொன்னார், திரும்பி வரும்போது நானும் என் நாத்தனாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

பிப்ரவரியில் வருவது நல்ல காலம். ஜனவரி கடைசி வாரமாக இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், குடியரசு தினக் கெடுபிடியில் அந்தப் பக்கம் எதை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஓவியக் கூடத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அமிர்தா ஷெர்கில் ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். ஜெய்ப்பூர் மகாராஜாவின் பழைய வீடு அது, வெளியே புல்வெளியில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆந்திரா பவன். நேஷனல் மியூசியத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் ஆகாது. தட்டில் சோறு, பருப்புப்பொடி, நெய், கோங்குரா, கேட்கக் கேட்கப் போடுவார்கள். சனிக்கிழமை கூட்டம் இருக்கும், ஒரு மணிக்கு முன்னாலேயே டோக்கன் வாங்கிவிடுங்கள்.

மாட்டுங்கா_மணி:

இதுக்குத்தான் மும்பைக்கு வாருங்கள் என்பது. காலா கோடாவில் இறங்கினால் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், எதிர்ப்புறம் நவீன ஓவியக் கூடம், ஒட்டினாற்போல் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, மூன்றுக்கும் நடந்தே போகலாம், நடுவில் ஒரு சாயா. ரிசர்வ் வங்கியின் காசு மியூசியமும் அந்தப் பக்கம்தான். டெல்லியில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு சாம்ராஜ்யமே இருக்கிறது.

ஆர்கேபுரம்_மாமி:

மணி, உங்கள் ஊரில் நடந்துபோகிற தூரத்தில் எல்லாம் இருக்கிறது, நடப்பதற்கு இடம்தான் இல்லை.

முனிர்கா_மாடி:

நேஷனல் மியூசியம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், கலை வரலாறு படிக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை அங்கே கிடப்பவன்.

முதலில் ஒரு கதை. 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் கலைக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது, அதற்காக நாட்டின் பல மியூசியங்களிலிருந்தும் சிற்பங்களையும் ஓவியங்களையும் இரவல் வாங்கிக் கப்பலேற்றினார்கள். திரும்பி வந்ததும் அந்தந்த ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் டெல்லியில் ஒருமுறை காட்டலாமே என்று இன்றைய ராஷ்டிரபதி பவனில் வைத்தார்கள். பார்த்தவர்களுக்குத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அந்தக் கண்காட்சியையே மியூசியமாக்கி 1949 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. ஜன்பத்தில் இப்போது இருக்கிற கட்டடத்தை 1960 டிசம்பரில் திறந்துவைத்தவர் ராதாகிருஷ்ணன். உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருப்பது இரண்டு லட்சம் பொருள்கள் என்று சொல்வார்கள், காட்சிக்கு வைத்திருப்பது அதில் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தைப் பார்ப்பதற்கே மூன்று நாள் வேண்டும். அதனால் நான் யாரைக் கூட்டிப் போனாலும் இப்படித்தான் செய்வேன். உள்ளே போவதற்கு முன்னாலேயே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மரத்தேர் நிற்கும், கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தது, 19-ஆம் நூற்றாண்டு, உடம்பெல்லாம் செதுக்கிய பலகைகள். முக்கால்வாசிப் பேர் டிக்கெட் வாங்குகிற அவசரத்தில் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நம்மூர்க்காரர்களாவது நின்று ஒரு சுற்று சுற்றிவரலாம்.

அப்புறம் ஹரப்பா கூடம். மொகஞ்சதாரோ நடன மங்கையைப் பாடப்புத்தகத்தில் பக்கம் பூராவும் பார்த்துவிட்டு நேரில் போகிறவர்கள் எல்லாரும் முதலில் ஏமாறுவார்கள், அவ்வளவு சின்னது, வெறும் 10.5 செ.மீ., உள்ளங்கையில் படுக்க வைக்கலாம். 1926-ல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தது. உங்கள் மகளிடம் வளையலை எண்ணச் சொல்லுங்கள். இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அடுக்கியிருக்கும், வலது கையில் நாலே நாலு. இடது கையை எண்ணுகிறவர்களில் சிலர் 24 என்பார்கள், சிலர் 25 என்பார்கள், எனக்கே இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது.

நீங்கள் கேட்ட செப்புத்திருமேனிகள். அதில் புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்திலிருந்து வந்த நடராஜரைத் தேடிப் பிடியுங்கள். நாம் காலண்டரில் பார்த்துப் பழகின, காலைக் குறுக்கே வீசித் தூக்கின ஆட்டம் இல்லை இது. சதுர தாண்டவம் என்பார்கள், இரண்டு முழங்காலும் மடங்கி, தூக்கிய காலும் தாழ்வாகவே நிற்கும், சுற்றிலும் தீச்சுடர் வட்டமும் கிடையாது. அது இல்லாததால் உடம்பு மட்டும் தெரிகிறது, கை எங்கே போகிறது, இடுப்பு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது. பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், காவலர் ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் கேட்கட்டும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் திரும்பி வந்த நடராஜர் இங்கேதானே இருக்கிறார் என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். இல்லை. அவர் ஸ்ரீபுரந்தான்காரர், தமிழ்நாட்டுக்கே போய்விட்டார்.

ஒரு எச்சரிக்கை, எந்தக் கூடம் எப்போது வேலைக்காகப் பூட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது, உள்ளே நுழைந்தவுடன் கவுன்ட்டரில் எதெல்லாம் திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். இந்த மியூசியத்தையே நார்த் பிளாக், சவுத் பிளாக்குக்கு மாற்றப்போகிறார்கள் என்று வேறு திட்டம் இருக்கிறது. அதனால் பழைய கட்டடத்தில் பார்ப்பதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

யாழ்_டெல்லி:

அண்ணை, டிக்கெட் விஷயம் எனக்குத் தெரிந்தளவுக்குச் சொல்கிறேன், நான் இலங்கை பாஸ்போர்ட்டோடு இங்கே நாலு வருஷமாக இருக்கிறேன்.

தொல்லியல் துறையிடம் இருக்கிற கோட்டை, சமாதிகளுக்கெல்லாம் சார்க், பிம்ஸ்டெக் என்கிற இரண்டு பிராந்தியக் கூட்டமைப்புகளில் உள்ள நாட்டுக்காரர்கள் இந்தியர் கட்டணமே கட்டினால் போதும். இலங்கை இரண்டிலும் இருக்கிறது, அதனால் நான் பாஸ்போர்ட்டைக் காட்டிக் குறைந்த காசோடு போய்விடுவேன். மலேசியா இரண்டிலும் இல்லை. அதனால் செங்கோட்டைக்கு உங்களுக்கு ஐந்நூறுக்கு மேலே வரும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எந்த நாடு என்றாலும் அங்கே டிக்கெட் தேவையில்லை, மகளுக்கு மிச்சம். நேஷனல் மியூசியம் வேறு கணக்கு, இந்தியருக்கு 20, வெளிநாட்டவருக்கு 650, ஆனால் அந்த 650-க்குள் காதில் மாட்டிக் கேட்கிற ஆடியோ கைடும் சேர்த்தி.

அப்பாவிடம் ஓ.சி.ஐ. அட்டை, அதுதான் இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டவருக்கு இந்திய அரசு கொடுக்கிற அட்டை, இருக்கிறதா? உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ தமிழ்நாட்டில் பிறந்தவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம், மலேசியாவில் நிறையப் பேர் எடுத்திருக்கிறார்கள். அந்த அட்டை இருந்தால் மியூசியத்துக்கும் நினைவுச்சின்னத்துக்கும் இந்தியர் கட்டணம்தான்.

மற்றபடி, இந்தியர் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிற யோசனை வேண்டாம். வந்த புதிதில் என்னோடு ஒரு நண்பன் வந்தான், அவனும் எங்கட ஊர்தான், ஆனால் கனடா பாஸ்போர்ட். ஒரு வாசலில் இந்தியர் வரிசையில் நின்றான். உள்ளே போகிற இடத்தில் ஹிந்தியில் என்னவோ சாதாரணமாகத்தான் கேட்டார்கள், பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்று. இவன் "சாரி?" என்றான். அந்த ஒரு "சாரி" போதும், அடையாள அட்டை கேட்டு, திரும்பக் கவுன்ட்டருக்கு அனுப்பி, பின்னால் நின்ற ஐம்பது பேரும் பார்க்க... காசு போனதைவிட அதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவுக்கு அப்படி ஒன்று வேண்டாம்.

தரியாகஞ்ச்_பெரியவர்:

தம்பி, உங்கள் தாத்தா பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, காலை நடை எனக்குச் செங்கோட்டை மதில் ஓரமாகத்தான்.

அந்த மியூசியம் 2019 ஜனவரி 23, நேதாஜி பிறந்த நாளன்று திறந்தது. வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் கட்டின பாரக்கு ஒன்றில் இருக்கிறது. நேதாஜி உட்கார்ந்த மர நாற்காலி, அவருடைய வாள், படையினரின் சீருடை, பதக்கங்கள், சின்னங்கள் எல்லாம் உண்டு. இதே கோட்டையில்தான் 1945 நவம்பரில் ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூன்று பேர் மீதும் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு நடந்தது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர், மூவரையும் ஒன்றாகக் கூண்டில் நிறுத்தினால் நாடு சும்மா இருக்குமா, ஊரெல்லாம் கொந்தளித்துவிட்டது. அந்த பிரேம் சேகலைத்தான் நம் சென்னை டாக்டர் லட்சுமி பிறகு மணந்தார், நேதாஜியின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையை நடத்திய கேப்டன் லட்சுமி. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி தேவர் உங்கள் கோலாலம்பூர்ப் பெண். உங்கள் அப்பாவுக்கு என்னைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அப்பா ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். சுவரில் இருக்கிற படங்களில் அதிகாரிகள்தான் பெயரோடு இருப்பார்கள், அணிவகுப்பில் நிற்கிறவர்கள் பெயரில்லாமல் நிற்பார்கள். தாத்தாவின் படமோ கடுதாசியோ வீட்டில் இருந்தால் அப்பாவைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். அங்கே கொடுப்பதற்கு இல்லை, சும்மா பையில் இருக்கட்டும்.

போகிற வழி சுலபம். மயூர் விஹாரில் ஏறி மண்டி ஹவுசில் மாறி வயலட் லைனில் லால் கிலா. அங்கே முடித்துவிட்டு அதே வயலட் லைனில் சென்ட்ரல் செக்ரடேரியட் இறங்கினால் நேஷனல் மியூசியத்துக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம். ரயில் மியூசியத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம், டாக்சி பிடியுங்கள்.

மாட்டுங்கா_மணி:

ரயில் மியூசியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டெல்லியில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. பாட்டியாலா மகாராஜா ஊரில் 1907-ல் ஓட ஆரம்பித்த ஒற்றைத் தண்டவாள ரயில் அங்கே இருக்கிறது. ஒரு பக்கம் தண்டவாளத்தில் ஓடும், இன்னொரு பக்கம் பெரிய இரும்புச் சக்கரம் ரோட்டிலேயே உருளும், சைக்கிளுக்குத் துணைச்சக்கரம் வைத்த மாதிரி. 9 வயதுப் பெண்ணுக்கு நடராஜரைவிட இது ஞாபகம் இருக்கும். குட்டி ரயில் சவாரியும் உண்டு, வரிசை நீளம், அப்பாவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள்.

கிள்ளான்_வாசி:

போய் வந்தாயிற்று. மாமி சொன்னது போலவே நடந்தது, அரை மணி இல்லை, நாற்பது நிமிஷம் அந்தக் கடைத்தெருவிலேயே. மகள் கையில் இப்போது வளையல் இருக்கிறது. டிக்கெட் ஒழுங்காகவே எடுத்தோம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து எவ்வளவு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆயிற்று என்று அப்பா மனக்கணக்கு போட்டுவிட்டு, இந்தக் காசுக்குக் கிள்ளானில் ஒரு குடும்பமே பசியாறலாம் என்றார். ஓ.சி.ஐ.க்கு ஊர் திரும்பியதும் எழுதிப்போடப் போகிறாராம்.

செங்கோட்டையை விட்டு வெளியே வரும்போதே ஒரு மணி. ஆந்திரா பவனில் கூட்டம், ஆனாலும் கிடைத்தது, அப்பா மூன்று முறை சோறு வாங்கினார். அதற்கப்புறம் நேஷனல் மியூசியத்தில் தேர், வளையல் மங்கை, நடராஜர், அவ்வளவுதான், ஒன்றேகால் மணி நேரம். மகளுக்கு 25 வந்தது. எனக்கு 24. திருவரங்குளத்து நடராஜர் முன்னால் அப்பா செருப்பைக் கழற்றப் பார்த்தார், காவலர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையைக் காட்டினார். ரயிலை மறுநாள் காலைக்குத் தள்ளி வைத்தோம், அன்றைக்கே போயிருந்தால் அப்பாவை நான் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

பெரியவர் ஐயா, நீங்கள் சொன்னபடியே தாத்தா படத்தைப் பையில் வைத்திருந்தார், நானும் இதுவரை பார்க்காத படம், தபால்தலை அளவுதான். சீருடை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் குனிந்து நின்றார். அழப்போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். கடைசியில் நிமிர்ந்து, "இதே மாதிரி காக்கிச் சட்டை எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தது. உங்க பாட்டி அதைக் கிழிச்சு அடுப்பங்கரையில சட்டி இறக்குற துணியா வெச்சிருந்தா" என்றார். அப்புறம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.